‘எக்ஸ்பீரியன்ஸ்’ என்னும் சொல்
(சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்தில் நிகழ்த்திய பேச்சின் எழுத்துருவம்)



இன்று ஒரேயொரு சொல்லைப் பற்றிப் பேச வந்திருக்கின்றோம். அது நமது சொல் அன்று, ஆங்கிலச் சொல். ஆயினும் நம்முள் அதனை வழங்காதார் மிகச் சிலரே. ஆங்கிலம் கற்றோர் மாத்திரமன்றி, ஆங்கில எழுத்தொன்றும் அறியாத மேசன்மாரும் சாரதிமாரும்கூட, ‘அவர் நல்ல எக்ஸ்பீரியன்ஸ் உள்ள ஆள்’ என்று சொல்லக் கேட்கின்றோம். உத்தியோகத்துக்கு விண்ணப்பிக்கும் இளைஞர் முதன்முதலில் முட்டிக்கொள்ளும் சொல்லும் இதுவே.

இச்சொல்லைத் தெரிந்தெடுத்தமைக்கு வேறொரு காரணமும் உண்டு. சில மாதங்களின் முன்னர் எமது நிருவாக சபையிலே ஒரு பிரேரணை வந்தது. தனாதிகாரியாகத் தெரிவு செய்யப்படுபவர் ஐந்து ஆண்டு அனுபவம் உடையவராயிருத்தல் வேண்டும் என்று யாப்பிலே ஒரு விதியைச் சேர்க்கவேண்டுமாம். பெரியோர் பலர் ஆதரித்தனர். இளைஞர் எதிர்த்தனர். ஒன்றரை மணி நேரம் விவாதம் நடந்தது. இரு பகுதியாரும் அந்த ஒரு சொல்லையே எடுத்து ஒருவர்மேல் ஒருவர் வீசினர். அதன் பொருள் யாது என்று ஒருவரேனும் கேட்டிலர். முடிவில் பிரேரணை ஒத்திவைக்கப்பட்டது. அந்த இடைவேளையில் அகராதியைத் திறந்து பார்ப்பதால் ஒருவருக்கும் நட்டமில்லை என்று எண்ணினோம்.

ஆங்கிலம் இச்சொல்லைத் தானாக ஆக்கிக்கொள்ளவில்லை. 14 ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியிலே பழைய பிரெஞ்சு மொழியின் வழியாக அதனைப் பெற்றது. பிரெஞ்சுக்கு அது இலத்தீனிலிருந்து வந்தது. இலத்தீனில் அதன் வினைவடிவம் ‘எக்ஸ்பெரீரி’ என்பது. முயன்று பார்த்தல், சோதித்துப் பார்த்தல் என்பனவே அதன் நேரான பொருள். பொன்னைக் கண்ணால் மட்டும் பார்த்திருத்தல் எக்ஸ்பெரீரி ஆகாது. கல்லில் உரைத்துப் பார்த்தலே எக்ஸ்பெரீரி ஆகும். உரோமாபுரியின் சட்ட நிபுணர்கள் நீதிமன்றத்திலே வழக்குத் தொடுப்பதற்கும் இதே சொல்லை வழங்கினர். வழக்குத் தொடுப்பவன் தன் உரிமையைச் சோதனைக்கு விடுகின்றான். வெல்லவும் கூடும், கைப்பொருளை இழக்கவும் கூடும். நமது ஊரிலே வேலி வழக்குப் பேசி அலுத்தவர்களுக்கு இதனை விரித்துரைக்க வேண்டியதில்லை.

இச்சொல்லின் முன்னொட்டாகிய ‘எக்ஸ்’ என்பதை நீக்கினால் எஞ்சும் பகுதி, இலத்தீனிலே தனி வினையாக வழங்கவில்லை. ஆனால் அது வேறு இரண்டு சொற்களில் உயிரோடிருக்கின்றது. ஒன்று, ‘பெரிற்றுஸ்’, கைதேர்ந்தவன் என்பது பொருள். மற்றையது ‘பெரிக்குலும்’. இதுதான் கவனிக்கவேண்டிய சொல். பெரிக்குலும் என்றால் ஆதியிலே சோதனை, முயற்சி என்று பொருள். பின்னர் அதுவே ஆபத்து என்னும் பொருளுக்கு உரியதாயிற்று. ஆங்கிலத்தில் ஆபத்தைக் குறிக்கும் ‘பெரில்’ என்னும் சொல் அதன் வழிவந்ததே. எனவே எக்ஸ்பீரியன்சும் பெரிலும் ஒரே வயிற்றுப் பிள்ளைகள். சோதித்துப் பார்ப்பவன் ஆபத்துக்கு உட்படுகின்றான் என்பது பழைய உரோமருக்கு விளக்கவேண்டாத உண்மையாயிருந்தது போலும்.

இக்குடும்பம் பெரிது. ‘எக்ஸ்பேட்’ என்று நிபுணரை அழைக்கின்றோமே, அச்சொல்லின் முதற்பொருள் ‘முயன்று பார்த்து முடித்தவர்’ என்பதுதான். ‘எக்ஸ்பெரிமென்ற்’ என்னும் பரிசோதனையும் இவ்வினத்தைச் சேர்ந்ததே. கிரேக்க மொழியில் இதற்கு இனமான சொல் ‘பெய்ரா’; அதன் பொருளும் முயற்சி, சோதனை என்பதே. அதிலிருந்து பிறந்த ஒரு சொல்லைக் கேட்டால் இளைஞர்கள் மகிழ்வார்கள். கடற்கொள்ளைக்காரனைக் குறிக்கும் ‘பைரேற்’ என்பதே அது. ‘துணிந்து முயல்பவன்’ என்பது கிரேக்கத்தில் அதன் பிறப்புப் பொருள். மிகுந்த மதிப்புக்குரிய நிபுணரும் தூக்குமரத்துக்குரிய கொள்ளைக்காரனும் ஒரு பாட்டனின் பேரர்கள் என்று சொற்பிறப்பு நூல் சொல்கின்றது.

அச்சத்தைக் குறிக்கும் ‘ஃபியர்’ என்னும் ஆங்கிலச் சொல்லும் இவ்வேரையே சேர்ந்தது என்றால் சிலர் ஐயுறுவர்; ஒலி வேறுபடுகின்றதே என்பர். அதற்கு விடையுண்டு. 1786 ஆம் ஆண்டிலே கல்கத்தாவில் சேர் வில்லியம் ஜோன்ஸ், வடமொழியும் கிரேக்கமும் இலத்தீனும் ஒரு மூலத்திலிருந்து பிறந்திருத்தல் வேண்டும் என்று எடுத்துரைத்தார். அதன் பின்னர் 1822 ஆம் ஆண்டில் யாக்கோப் கிரிம் என்னும் செருமானியப் பேரறிஞர் ஓர் ஒழுங்கை விளக்கிக் காட்டினார். இலத்தீனிலும் வடமொழியிலும் சொன்முதலில் பகர ஒலி நிற்குமிடத்து, ஆங்கிலம், செருமானியம் முதலியவற்றிலே மேற்பல்லைக் கீழுதட்டில் வைத்து ஒலிக்கும் ஒலி நிற்கும். ‘பிதா’ என்பதற்கு ‘ஃபாதர்’, ‘பாதம்’ என்பதற்கு ‘ஃபுட்’ என்பவற்றை ஒப்பிட்டுப் பார்த்தால் சிறுவருக்கும் இது விளங்கும். அவ்வாறே இலத்தீனின் ‘பெர்’ ஆங்கிலத்தில் ‘ஃபியர்’ ஆயிற்று. பழைய ஆங்கிலத்தில் இச்சொல் மனத்தில் எழும் அச்சத்தையன்று, திடீரென வந்துறும் ஆபத்தையே குறித்தது. செருமானியர் ஆபத்தை ‘கெஃபார்’ என்று இன்றும் கூறுவர், அதுவும் இவ்வினமே.

இங்கே ஒரு வார்த்தை இடையிற் சொல்லவேண்டும். இரண்டு சொற்கள் காதுக்கு ஒத்திருந்தால் உடனே உறவு கொண்டாடிவிடும் வழக்கம் நம்மிடையே வளர்ந்து வருகின்றது. ஆங்கிலச் சொற்கள் பலவற்றுக்குத் தமிழிலே வேர் கண்டுபிடித்துக் கைதட்டல் பெறுவோரும் உளர். ஒலியொற்றுமை உறவுக்குச் சான்றாகாது; ஒழுங்கான ஒலிமாற்றமே சான்றாகும். ‘பிதா’வும் ‘ஃபாதரும்’ முற்றும் ஒத்தொலிக்கவில்லை. ஒத்தொலிக்காமலிருக்கும் அந்த முறையே அவற்றின் உறவைக் காட்டுகின்றது.

இவ்வேரின் ஆதிப்பொருள் முன்னோக்கிச் செல்லுதல், கடந்து செல்லுதல் என்பது என்று அறிஞர் பலர் கருதுவர். பிரயாணத்தைக் குறிக்கும் செருமானிய வினை ‘ஃபாரன்’. அனுபவத்துக்கு அவர்கள் வழங்கும் பெயர் ‘எர்ஃபாருங்’. சென்று கண்டு பெற்றது என்பது கருத்து. அக்கருத்து நமக்கும் புதிதன்று. ஒரு துறையிலே வல்லவரை நாம் ‘கரைகண்டவர்’ என்கின்றோம். இரண்டுக்கும் பிறப்புறவு உண்டென்று சொல்லவில்லை. மனிதர் எண்ணும் முறை ஒத்திருக்கின்றது என்றே சொல்கின்றோம்.

இனிக் கிரேக்கரிடம் சிறிது தங்குவோம். ‘பெய்ரா’ என்பதிலிருந்து அவர்கள் ‘எம்பெய்ரியா’ என்னும் சொல்லை ஆக்கினர். கி. மு. 3 ஆம் நூற்றாண்டிலே அலெக்சாந்திரியா நகரில் இப்பெயரால் ஒரு வைத்தியக் கூட்டத்தார் தோன்றினர். நோயின் மறைந்த காரணங்களைப் பற்றித் தருக்கம் செய்தல் வீண். எந்த மருந்து எந்த நோயைத் தீர்த்தது என்பதைக் கண்டறிவதே போதும் என்பது அவர்கள் கொள்கை. அறிவுக்கு மூன்று வாயில்களை அவர்கள் ஒப்புக்கொண்டனர். தன் கண்ணாற் கண்டது ஒன்று. பிறர் கண்டு எழுதிவைத்தது ஒன்று. கண்டதைக்கொண்டு அதனை ஒத்த புதியதொன்றுக்குச் செல்லுவது ஒன்று. சைவ சித்தாந்த வகுப்புக்கு வருகின்ற அன்பர்களுக்குக் காட்சி, உரை, அனுமானம் என்னும் அளவைகள் இங்கே நினைவுக்கு வரலாம். முற்றும் ஒன்றல்ல, ஆயினும் அயல்வீட்டார் எனலாம். பிற்காலத்திலே ஐரோப்பிய வைத்திய சங்கத்தார், முறையாகப் படியாமல் மருந்து கொடுப்பவனை ‘எம்பிரிக்’ என்று இகழ்ந்தனர். அனுபவம் என்னும் சொல்லே போலி வைத்தியனுக்கு வசைப்பெயராயிற்று. சொற்களுக்கும் நல்ல காலம், கெட்ட காலம் உண்டு.

அரிஸ்தோத்திலின் கருத்துப் பெரியோர்களுக்கு உவப்பாயிருக்கும். ஒன்றைப் பற்றிய பல நினைவுகள் திரண்டு அனுபவமாகின்றன என்றார் அவர். நூலறிவு மாத்திரம் உடையவனைக் காட்டிலும் அனுபவம் மாத்திரம் உடையவன் காரியத்திலே வெற்றி பெறுவான். ஏனெனில் வைத்தியன் குணப்படுத்துவது ‘மனிதன்’ என்னும் பொதுமையை அன்று, முன்னே படுத்திருக்கும் ஒரு நோயாளியை. இளைஞன் கணிதத்திலே வல்லவனாகலாம், விவேகியாதல் அரிது, விவேகத்துக்குக் காலம் வேண்டும் என்றும் அவர் எழுதியுள்ளார். வயது முதிர்ந்தோரின் சொல்லுக்கு அவர்கள் நியாயம் காட்டாவிடினும் செவிகொடுக்க வேண்டும், அனுபவம் அவர்களுக்கு ஒரு கண்ணைத் தந்திருக்கின்றது என்பதும் அவர் கூற்று. எமது விவாதத்தில் பெரியோர் பகுதியிலே பேசியவர்கள் இதனை அறிந்திருந்தால் அரை மணி நேரம் மிஞ்சியிருக்கும். ஆயினும் அதே அரிஸ்தோத்தில் மற்றொன்றும் சொன்னார். அனுபவம் ‘இது இப்படி’ என்பதை அறியும். ‘ஏன் இப்படி’ என்பதை அறியாது.

ஆங்கிலத்துக்கு வருவோம். சொல் அம்மொழியில் நுழைந்த புதிதிலேயே ஒரு சண்டைக்காரியின் வாயில் அகப்பட்டுக்கொண்டது. 1400 ஆம் ஆண்டிலே மறைந்த சோசர் என்னும் பெரும்புலவர், கந்தர்பரித் தலத்துக்குச் செல்லும் யாத்திரிகர் சொல்லும் கதைகளாக ஒரு காவியம் பாடினார். அவர்களுள் பாத் நகரத்துப் பெண்ணொருத்தி தன் கதைக்கு முன்னுரை கூறத் தொடங்குகின்றாள். அவள் வாயிலிருந்து வரும் முதற்சொல்லே எக்ஸ்பீரியன்ஸ் என்பதுதான். ஐந்து கணவரை மணந்தவள் அவள். இல்லறத்தின் துன்பங்களைப் பற்றிப் பேசுவதற்கு எனக்குச் சாத்திரப் பிரமாணம் வேண்டியதில்லை, நான் கண்டதே போதும் என்பது அவள் வாதம். அக்காலத்து ஐரோப்பாவிலே பழைய நூல்களின் பிரமாணமே வேதவாக்கு. அந்நூல்களை எழுதியவரும் ஆண்கள், படித்தவரும் ஆண்கள். அவளுடைய ஐந்தாம் கணவன் பெண்களின் கொடுமைகளைத் தொகுத்த ஒரு புத்தகத்தை இரவுதோறும் அவளுக்கு வாசித்துக் காட்டுவான். ஒருநாள் அவள் பொறுமையிழந்து ஏடுகளைக் கிழித்தாள், அவன் அறைந்தான், அவளுக்கு ஒரு காது செவிடாயிற்று. பிரமாணத்துக்கும் அனுபவத்துக்கும் இடையிலான வழக்கை இதைவிடச் சுருக்கமாக எந்தத் தத்துவ ஆசிரியரும் எழுதிவிடவில்லை என்றே நினைக்கின்றோம். அவள் பெற்ற அனுபவத்தின் விலை, அவளுடைய செவி.

அந்நாளிலே எக்ஸ்பீரியன்ஸ், எக்ஸ்பெரிமென்ற் என்னும் இரண்டு சொற்களும் ஒன்றற்கொன்று மாற்றாக வழங்கின. பிரெஞ்சு மொழியில் இன்றும் ஒரே சொல் இரண்டையும் குறிக்கின்றது. பிரெஞ்சு விஞ்ஞானி தம் ஆய்வுகூடத்திலே செய்வதும், பிரெஞ்சுப் பாட்டி தன் வாழ்நாளிலே பெற்றதும் ஒரே பெயருடையன. ஆங்கிலத்தில் இவை பிரிந்த கதையைச் சொல்ல இரண்டு பேக்கன்களை அழைக்கவேண்டும். மூன்றரை நூற்றாண்டு இடைவெளியுடைய இவர்களை ஒருவராக்கிப் பரீட்சையிலே எழுதுவோர் உண்டு, ஆதலால் வேறுபடுத்திக்கொள்க.

முந்தியவர் றோசர் பேக்கன் என்னும் துறவி. 1267 ஆம் ஆண்டில் இலத்தீனிலே எழுதிய பெருநூலில் அவர் ஓர் உதாரணம் காட்டினார். நெருப்பையே காணாத ஒருவனுக்கு நெருப்புச் சுடும் என்று எத்துணை நியாயங்களால் நிறுவினாலும் அவன் மனம் அமைதி கொள்ளாது. கையையோ எரியக்கூடிய வேறொரு பொருளையோ நெருப்பில் இட்டுப் பார்த்த பின்னரே ஐயம் நீங்கும் என்றார். பிந்தியவர் பிரான்சிஸ் பேக்கன். 1620 ஆம் ஆண்டில் வெளிவந்த தமது நூலிலே அவர், தானாக வந்து வாய்க்கும் அனுபவம் வேறு, தேடிச்சென்று பெறும் சோதனை வேறு என்று கோடு கிழித்தார். தானாக வருவது இருட்டிலே கைதடவி நடப்பது போன்றது என்பது அவர் எண்ணம். அதன் பின்னர் மெல்ல மெல்ல எக்ஸ்பெரிமென்ற் என்பது ஆய்வுகூடத்துக்குச் சென்றுவிட்டது. எக்ஸ்பீரியன்ஸ் வீட்டிலே தங்கி, கழிந்த நாள்களின் சேமிப்பு என்று பொருள்பட்டது. ஆனாலும் 1755 ஆம் ஆண்டில் வெளிவந்த சாமுவேல் ஜோன்சனின் அகராதி, பலகால் முயன்று பார்த்தல் என்னும் பொருளை அச்சொல்லிலிருந்து நீக்கவில்லை.

பிரான்சிஸ் பேக்கனின் முடிவு பற்றி ஜோன் ஓப்ரி என்பவர் எழுதிவைத்த கதையொன்று உண்டு. பனி மூடியிருந்த ஒருநாள் வண்டியிலே போகும்போது, உப்புக் காப்பது போலப் பனியும் இறைச்சியைக் கெடாமற் காக்குமோ என்று அவருக்கு ஒரு நினைவு எழுந்தது. உடனே இறங்கி, ஏழைப் பெண்ணொருத்தியிடம் ஒரு கோழியை வாங்கித் துப்புரவாக்குவித்து, அதன் வயிற்றிலே தம் கையாற் பனியை அடைத்தார். குளிர் பிடித்தது, சில நாள்களில், 1626 ஏப்பிரல் 9 ஆம் நாள், மறைந்தார். இக்கதையை முழுதும் நம்பாத வரலாற்றாசிரியர் உளர். எனினும் சொல்லின் வேரை அறிந்தவருக்கு இது பொருத்தமாகவே தோன்றும்.

அனுபவமும் பரிசோதனையும் பிரிந்த இடத்தை நன்றாகக் காண்பதற்கு அம்மை நோயின் வரலாற்றைப் பார்க்கவேண்டும். பசுக்களுக்கு வரும் ஒருவகை அம்மை பால் கறப்போரின் கையிலே தொற்றினால், பின்னர் அவர்களைப் பெரியம்மை தீண்டாது என்பதை இங்கிலாந்தின் நாட்டுப்புறத்தார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். 1774 ஆம் ஆண்டிலே பெரியம்மை பரவியபோது, டோசெற் பகுதியைச் சேர்ந்த பெஞ்சமின் ஜெஸ்ற்றி என்னும் கமக்காரர், பசுவின் கொப்புளத்திலிருந்து எடுத்த நீரைத் தையலூசியாலே தம் மனைவியின் கையிலும் இரு புதல்வரின் கையிலும் ஏற்றினார். தாம் இளமையிலே அந்நோய் கண்டிருந்தமையால் தமக்கு ஏற்றிக்கொள்ள வேண்டியிருக்கவில்லை. மனைவியின் கை வீங்கி ஆபத்தாயிற்று, பின்னர் குணமடைந்தாள். ஊரார் அவரை ஏசினர். 22 ஆண்டுகளின் பின்னர், 1796 மே 14 ஆம் நாள், எட்வேட் ஜென்னர் என்னும் வைத்தியர், பால் கறக்கும் பெண்ணொருத்தியின் கைக் கொப்புளத்திலிருந்து எடுத்ததை எட்டு வயதுச் சிறுவன் ஜேம்ஸ் பிப்ஸ் என்பவனுக்கு ஏற்றினார். சில வாரங்களின் பின் உண்மையான பெரியம்மையையே ஏற்றிப் பார்த்தார். சிறுவனுக்கு நோய் வரவில்லை. 1798 இல் அவர் தமது ஆராய்ச்சியை வெளியிட்டார். பசுவைக் குறிக்கும் இலத்தீன் சொல்லிலிருந்து ‘வக்சீன்’ என்னும் பெயர் பிறந்தது. 1980 ஆம் ஆண்டிலே பெரியம்மை உலகத்திலிருந்து ஒழிந்துவிட்டது என்று உலக சுகாதார நிறுவனம் அறிவித்தது.

இப்பெருநன்மையை மறுப்பாரில்லை. ஆயினும் சொல்லின் வேரை மனத்திற் கொண்டு ஒரு கேள்வி கேட்போம். ஆபத்து யாருடையது? பாத் நகரத்துப் பெண் தன் அனுபவத்துக்குத் தானே விலை கொடுத்தாள். பேக்கன் தம் கையிலே பனியை எடுத்தார். ஆனால் ஜென்னர் சோதித்தது தோட்டக்காரரின் மகனை. வெற்றி வைத்தியருக்கு, ஆபத்து சிறுவனுக்கு. பின்னாளிலே ஜென்னர் அவனுக்கு வாடகையின்றி வாழ ஒரு சிறு வீடு அளித்தார் என்பதையும் சொல்லவேண்டும். முயல்பவரும் ஆபத்துக்கு உட்படுபவரும் வேறாகும்போது அச்சொல் தன் பிறந்தவீட்டை விட்டு வெகுதூரம் சென்றுவிடுகின்றது.

இனி நம்மிடமுள்ள சொற்கள். ‘அனுபவம்’ வடமொழி. ‘அனு’ என்றால் பின்தொடர்ந்து, உடனாக. ‘பவம்’ என்பது ஆதற்பொருளுடைய வினையடியிற் பிறந்தது. ஒன்றனோடு உடனாதல் என்று பொருள் கொள்ளலாம். இங்கே முயற்சியில்லை, சோதனையில்லை, ஆபத்துமில்லை. அந்த வடமொழி வினைக்கு ஆங்கிலத்திலே உறவான சொல் எக்ஸ்பீரியன்ஸ் அன்று. இருத்தலைக் குறிக்கும் ‘பீ’ என்னும் சிறு வினையே. காணி உறுதிகளிலே ‘ஆண்டனுபவித்து’ என்று எழுதுவோம். அங்கே அது உரிமையோடு வைத்திருந்து பயன்கொள்ளுதல். கோபம் வந்தால் ‘அனுபவிப்பாய்!’ என்போம், அங்கே அது துன்பம். இன்பத்துக்கும் துன்பத்துக்கும் உடைமைக்கும் ஒரே சொல் போதுமாயிருப்பது வியப்பே.

தமிழிலே ‘பட்டறிவு’ என்று ஒரு சொல் வழங்குகின்றது. படுதலால் வந்த அறிவு. கண்ணிற் பட்டது, வெயில் பட்டது, அடி பட்டது, பாடுபட்டான் என்று ‘படு’ என்னும் வினை எங்கெல்லாம் செல்கின்றது என்று பாருங்கள். இலத்தீன்காரன் எழுந்து போய்ச் சோதிக்கின்றான். தமிழன் இருக்குமிடத்தில் வந்து படுகின்றது. ஆனால் ‘பாடுபடுதல்’ என்பதிலே முயற்சியும் இருக்கின்றது, துன்பமும் இருக்கின்றது. ஆதலால் எக்ஸ்பீரியன்ஸ் என்பதன் பழைய பொருளுக்கு அனுபவத்தைவிடப் பட்டறிவே அண்மையிலுள்ளது என்பது எமது கருத்து. பண்டிதர்மார் வேறு கருதினால் கேட்கச் சித்தமாயிருக்கின்றோம்.

இவற்றை எல்லாம் எடுத்துக்கொண்டு எமது பிரேரணைக்குத் திரும்புவோம். அதிலே கண்ட சொற்கள் ‘ஐந்து ஆண்டு அனுபவம்’ என்பன. ஆண்டுகளை எண்ணுவது இலகு, ஆதலால் எண்ணுகின்றோம். இந்நாட்டிலே 1871 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி, ஒருவர் காணியொன்றைப் பத்து ஆண்டுகள் இடையூறின்றித் தமதாகவே ஆண்டுவந்தால் அவருக்கு ஆட்சியுரிமை உண்டாகும். அனுபவத்தையும் நாம் அந்தச் சட்டத்தின்கீழ்க் கொண்டுவந்துவிட்டோமோ என்று ஐயுறுகின்றோம். நாற்காலியிலே இடையூறின்றி இருந்த காலம் ஆட்சியுரிமையைத் தரலாம். அது இலத்தீன்காரன் சொன்ன பொருளிலே எக்ஸ்பீரியன்ஸ் ஆகாது. அதற்கு ஏதாவதொன்றைச் சோதித்திருக்கவேண்டும்.

எமது சங்கத்து இளைஞர் ஒருவர் அண்மையிலே உத்தியோக விண்ணப்பப் பத்திரம் ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். ‘அனுபவம்’ என்று அச்சிட்ட இடத்திலே ‘இல்லை’ என்று எழுதியிருந்தார். அவருடைய வீட்டு நிலையை நாம் அறிவோம். தந்தையார் நோயிற் கிடந்த பதினான்கு மாதங்களும் கடையைத் திறந்து, கொள்முதல் செய்து, கடன் கொடுத்தவர்களுக்குத் தவணை சொல்லி, ஒரு மாதம் பிழையான சரக்கை வாங்கி நட்டப்பட்டு, அடுத்த மாதம் அந்த நட்டத்தை ஈடுசெய்து, தந்தையார் எழுந்து வந்தபோது கணக்குப் புத்தகத்தை அவர் கையிலே கொடுத்தவர். ‘தம்பி, இதை ஏன் எழுதவில்லை?’ என்று கேட்டோம். ‘அதற்குச் சம்பளம் இல்லையே ஐயா, சேட்டிபிக்கற்றும் இல்லையே’ என்றார். அவருடைய மனத்திலும் அச்சொல்லின் பொருள் அவ்வளவுக்குச் சுருங்கிப் போயிருக்கின்றது. ‘இல்லை’ என்பதை வெட்டிவிட்டு அந்தப் பதினான்கு மாதங்களையும் எழுதச் செய்தோம். உத்தியோகம் கிடைக்குமோ என்பது இனித்தான் தெரியும்.

இவ்வளவும் சொன்னதால் நாம் இளைஞர் பகுதிக்கு வக்காலத்து வாங்கிவிட்டோம் என்று பெரியோர்கள் முகம் சுளிக்கவேண்டாம். இளைஞர்களிடமும் கேட்கவேண்டியது ஒன்றுண்டு. அந்தத் தம்பி கடையிலே சோதித்தது தன் வீட்டுப் பணத்தை. பிழைத்தால் பட்டினி கிடப்பது தன் வீடு. தனாதிகாரி கையாளுவது சந்தாக்காரரின் பணம். பிழைத்தால் நட்டப்படுபவர் வேறொருவர். ஜேம்ஸ் பிப்ஸ் இங்கேயும் இருக்கின்றான். ‘நாங்கள் முயன்று பழக இடம் தாருங்கள்’ என்னும் இளைஞரின் கோரிக்கை நியாயமே. எங்கள் சந்தாப் பணத்திலா பழகப்போகின்றீர்கள் என்று பெரியோர் கேட்பதும் நியாயமே. அவர்களது அச்சம் வெறும் பொறாமையன்று.

எமக்குத் தோன்றுவது இது. ஐந்தாண்டு என்னும் எண்ணை யாப்பில் எழுதவேண்டாம். உதவித் தனாதிகாரி என்று ஒரு பதவியை உண்டாக்கி, விளையாட்டு நிதியையும் வாசிகசாலை நிதியையும் ஒரு வருடத்துக்கு ஓர் இளைஞரிடம் ஒப்படைக்கலாம். தொகை சிறிது, கெட்டாலும் சங்கம் தாங்கும். மாதந்தோறும் கணக்கைத் தனாதிகாரியும் ஒரு பெரியவரும் பார்க்கட்டும். வருட முடிவிலே அந்த இளைஞரே சபையின் முன் நின்று ஒவ்வொரு சதத்துக்கும் பதில் சொல்லட்டும். சபை இதை ஏற்கலாம், விடலாம். அடுத்த கூட்டத்திலே இதனை ஒரு திருத்தப் பிரேரணையாக எழுத்தில் தர இருக்கின்றோம்.

பேச்சு முடிந்த பின்னர்ச் சபையிலிருந்து ஒரு மாணவர் எழுந்து கேட்ட கேள்வியையும் இங்கே பதிந்துவிடுகின்றோம். ‘பெரில் என்பது ஆபத்து என்றீர்கள், அழிந்துபோதலைக் குறிக்கும் பெரிஷ் என்பதும் அதோடு பிறந்த சொல்தானே?’ என்றார். நல்ல கேள்வி, காதுக்கு அப்படித்தான் தோன்றும். ஆனால் அன்று. பெரிஷ் என்பது போதற்பொருளுடைய வேறோர் இலத்தீன் வினையிலே, ‘முற்றாக’ என்னும் பொருள்தரும் முன்னொட்டுச் சேர்ந்து பிறந்தது. முயற்சி, ஆபத்து, அனுபவம் ஆகிய சொற்களின் குடும்பத்திலே அச்சொல்லுக்கு இடமில்லை.